மண்டபத்தில் ஒரு ராத்திரி, 11 விருந்தினர், ஏற்பாடு முழுக்க என் தலையில்

கொங்குக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். நான் திருப்பூர்ப் பக்கம். மாற்றலில் ராமநாதபுரம் வந்து நாலு மாதம் ஆகிறது, அதற்கு முன்னால் கடலைத் திருச்செந்தூரில் ரெண்டு முறை பார்த்ததோடு சரி. நவம்பர் இரண்டாவது வாரம் கடல்பாசி வளர்ப்பைப் பார்க்க ஒரு அரசுக்குழு வருகிறது. இந்தோனேசியாவிலிருந்து 6 பேர், டில்லியிலிருந்து 3, சென்னையிலிருந்து 2. செவ்வாய்க்கிழமை 11 மணிக்கு மதுரையில் விமானம் இறங்குகிறது, மதியம் மண்டபத்தில் (பாம்பன் பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற கடற்கரை ஊர்) சாப்பாடு, படகில் போய்ப் பாசி மிதவைகளைப் பார்ப்பது, சாயங்காலம் தனுஷ்கோடி, இரவு தங்கல், விடிகாலை மீன் இறங்குதளம், அப்புறம் ராமேஸ்வரம் கோயில், மறுபடி மதுரை. இவ்வளவும் ஒரு பக்கத்தில் டைப் ஆகி வந்தது, ஓரத்தில் பச்சை மையில் என் பெயர். எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தவர் மாற்றலாகிப் போய்விட்டார், பழைய ஃபைலில் இருப்பது பூங்கொத்தும் சால்வையும் வாங்கிய பில் மட்டும்தான்.

இதோடு விருந்தினர் கையில் கொடுக்க ஒரு பக்கப் பாதுகாப்புக் குறிப்பும் எழுதச் சொன்னார்கள். எழுதினேன். "கடலில் கவனமாக இருக்கவும், வெயிலில் தொப்பி அணியவும், நிறையத் தண்ணீர் குடிக்கவும்." கண்காணிப்பாளர் அம்மா படித்துப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நியாயமாகத்தான் கேட்டார்.

தங்க வைப்பது மண்டபத்திலா, பாலம் தாண்டி ராமேஸ்வரத்திலா, இல்லை ராமநாதபுரத்துக்கே கூட்டி வந்துவிடுவதா? யார் யாருக்குக் கடிதம் எழுத வேண்டும்? ராத்திரி யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் எங்கே போவது? அந்தக் குறிப்பில் உண்மையில் என்னதான் எழுதுவது? இந்தக் கரையில் இதையெல்லாம் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், திட்டினாலும் பரவாயில்லை.

பாம்பன்வேன்:

திட்டவெல்லாம் இல்லை தம்பி, ஆனால் அந்த ஒரு பக்கத்தை டைப் செய்தவர் இந்த ரோட்டில் வந்ததே இல்லை. நான் 14 வருடமாக மதுரை ஏர்போர்ட்டுக்கும் ராமேஸ்வரத்துக்கும் வேன் ஓட்டுகிறேன். ஏர்போர்ட்டிலிருந்து மண்டபம் ஏறக்குறைய 150 கிலோமீட்டர். 11 மணிக்கு இறங்கினால் பெட்டி வந்து, சால்வை போட்டு, போட்டோ எடுத்து வண்டி நகரும்போது மணி 12 ஆகிவிடும். வழியில் ஒரு டீ, ஒரு பாத்ரூம், பரமக்குடி நெரிசல் எல்லாம் சேர்த்தால் மண்டபம் வர மூன்றேகால். சாப்பிட்டு எழுந்தால் நாலு, நாலேகால். அதற்குமேல் படகா? அதற்கும்மேல் தனுஷ்கோடியா? தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு மண்டபத்திலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் வரும், இருட்டுவதற்குள் போலீஸ் எல்லோரையும் கிளப்பிவிடுவார்கள், அந்த ரோட்டில் விளக்கும் கிடையாது, காற்று அடித்தால் மணல் ரோட்டின்மேல் ஏறிக் கிடக்கும். ஆகவே முதல் நாளில் தனுஷ்கோடியை அடித்துவிடுங்கள். மறுநாள் காலை வெளிச்சம் வந்ததும் போகட்டும், கூட்டமும் இருக்காது.

மீன் இறங்குதளமும் இடிக்கிறது. ராமேஸ்வரம் விசைப்படகு கடலுக்குப் போவது திங்கள், புதன், சனி. அடுத்த நாள் காலையில்தான் கரைக்கு வரும். ஆக மீன் பார்க்க வேண்டுமானால் செவ்வாய், வியாழன், ஞாயிறு காலை. நீங்கள் புதன் காலையில் கூட்டிக்கொண்டு போனால் கட்டிக் கிடக்கிற படகையும் நாய்களையும்தான் காட்டலாம்.

தங்குவது என்னைக் கேட்டால் மண்டபம். ராமநாதபுரத்துக்குத் திரும்புவது என்றால் மேற்கே ஒரு 37, 38 கிலோமீட்டர் ஓடிவிட்டு விடிகாலை அதே தூரத்தை மறுபடி ஓட வேண்டும், டிரைவர் எப்போது தூங்குவான்? அதையும் சொல்லிவிடுகிறேன், யாரும் சொல்லமாட்டார்கள்: டிரைவர்களுக்கு ரூம் போடுங்கள். பேட்டா கொடுத்தால் போதும் என்று நினைக்கிறீர்கள், அவன் சீட்டைச் சாய்த்துக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொசுக்கடியில் படுத்திருந்துவிட்டு, காலை நாலரைக்கு உங்கள் விருந்தினரைப் பாலத்தின்மேல் ஓட்டிக்கொண்டு போவான். பாலத்தில் யாராவது "ரயில் பாலம் பார்க்கணும், நிறுத்துங்க" என்பார்கள். நிறுத்தாதீர்கள், ஃபைன் மட்டுமில்லை, பின்னால் வருகிற பஸ் எதற்கும் ஒதுங்காது.

தீவுக்காரன்:

வேன் அண்ணன் சொல்வதில் பாதிக்கு நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். ராமேஸ்வரத்தில் லிஃப்ட், ஜெனரேட்டர், ராத்திரி ரிசப்ஷனில் ஆள், எல்லாம் உள்ள ஹோட்டல் எத்தனையோ இருக்கிறது. மண்டபத்தில் கை விட்டு எண்ணிவிடலாம். வெளிநாட்டுக்காரர்களைக் கொண்டுபோய்க் கொசுவத்தி வாங்கவும் கடை திறந்திராத ஊரில் படுக்க வைக்கவேண்டுமா? காலையில் கோயில், தனுஷ்கோடி, துறைமுகம் எல்லாமே தீவுக்குள்தானே இருக்கிறது.

பாம்பன்வேன்:

தம்பி, தீவுக்குள் ரூம் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. அமாவாசைக்கு முந்தின நாள் வந்து பாருங்கள். சாதாரணச் சனி ஞாயிறே கோயிலைச் சுற்றி வேன் திரும்ப இடம் இல்லை. ரோடு என்று பார்த்தால் தீவுக்கு அந்த ஒரே பாலம்தான், 1988-ல் திறந்தது, அதில் ஒரு லாரி மக்கர் செய்தால் ஆம்புலன்ஸும் சேர்ந்து நிற்கும். மண்டபத்தில் படுத்தால் அந்தக் கவலை இல்லை, ராமநாதபுரம் பெரிய ஆஸ்பத்திரி வரை நேர் ரோடு.

சின்னப்பாலத்துப் பொண்ணு:

இதை யாருமே கேட்கவில்லையா? நவம்பரில் பாசி பார்க்க வருகிறார்களாமே, எங்கே இருக்கும் பாசி?

எங்கள் அம்மா 30 வருடமாகக் கடலில் முங்கிப் பாசி எடுக்கிறவர், விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரைப் பாசியும் எடுத்த கை. அப்புறம் 2000-க்குப் பிறகு பெப்சி கம்பெனி கொண்டுவந்த வளர்ப்புப் பாசி வந்தது. இன்றைக்கும் இங்கே அதற்குப் பெயர் பெப்சிப் பாசிதான், கப்பாஃபைகஸ் என்று சொன்னால் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, அதில் கயிறு கட்டி 60 கிலோ விதைப்பாசியை முடிச்சு முடிச்சாகக் கட்டி விட்டால் 45 நாளில் அறுப்பு. மிதவை கிடப்பது பெரும்பாலும் பாக் நீரிணைப் பக்கம், அதாவது வடகடல். அதை இங்கே பெண் கடல் என்போம், தெற்கே மன்னார் பக்கம் ஆண் கடல். வருடத்தில் பாதி நாள் ஆண் கடல்தான் முரட்டுத்தனம் பண்ணும், கச்சான் காற்று அடிக்கிற காலம் அது. ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்று திரும்பிவிட்டால் பெண் கடல் ஆடுகிற ஆட்டத்தைப் பார்க்க வேண்டும். மூங்கில் ஒடிந்து, கயிறு அறுந்து, பாசி மொத்தமும் கரையில் குப்பையாக ஒதுங்கிக் கிடக்கும். அதனால் மழைக்காலத்துக்கு முன்பே அறுத்துவிட்டு மிதவையைக் கரையேற்றி வைத்துவிடுவார்கள். நவம்பரில் உங்கள் இந்தோனேசியாக்காரர்களுக்குக் காட்ட எங்களிடம் இருப்பது காய்ந்த மூங்கில்தான். அவர்கள் ஊரில் இதை மலைமலையாக விளைவிக்கிறார்கள், பார்த்ததும் விஷயம் தெரிந்துவிடும், சிரிப்பார்கள்.

படகும் அந்த மாதத்தில் வேண்டாம். தை பிறந்து வாடை ஓய்ந்ததும் வரச் சொல்லுங்கள். தண்ணீர் தெளிந்திருக்கும், இடுப்பளவு ஆழத்தில் இறங்கி நின்றே மிதவையைத் தொட்டுப் பார்க்கலாம். இறங்குகிறவர்களுக்கு ரப்பர் செருப்பு போதாது, கால் முழுக்க மூடுகிற ஷூ வேண்டும். கடல் முள்ளெலியை மிதித்தால் முள் ஒடிந்து உள்ளேயே நிற்கும். மணலில் திருக்கை படுத்திருக்கும், காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் அது விலகிப் போய்விடும். இதைச் சின்னப் பிள்ளையிலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள் எங்களுக்கு. உங்கள் குறிப்பில் "கவனமாக இருக்கவும்" என்பதற்குப் பதில் இதை எழுதுங்கள்.

ஆர்.ஐ.யாக இருந்தவன்:

வருவாய்த்துறையில் 33 ஆண்டு, அதில் 9 ஆண்டு பிரமுகர் வருகை என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பாசிப் பாப்பா சொன்னதை அப்படியே ஒரு குறிப்பாக எழுதி உங்கள் அதிகாரி மேசையில் வையுங்கள், தேதியை மாற்றுவது ஒரு போன் வேலை. நவம்பரில் தாழ்வு மண்டலம் எந்த நேரமும் கிளம்பும், பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் படகு ஒன்றும் நகராது, உங்கள் நிகழ்ச்சி நிரலில் பாதி போய்விடும். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடி எப்படிப் போனது, பாம்பனிலிருந்து போன ரயில் எப்படிப் போனது என்பது இந்தக் கரையில் எல்லா வீட்டிலும் சொல்கிற கதை, அதனால் இங்கே யாரிடமும் "லேசான காற்றுதானே" என்று பேரம் பேசாதீர்கள். செப்டம்பர் 11 பரமக்குடியில் இம்மானுவேல் சேகரன் நினைவு நாள், அக்டோபர் 30 பசும்பொன்னில் தேவர் குருபூஜை, இரண்டுக்கும் முன்னும் பின்னும் மாவட்டத்தில் தடை உத்தரவும் வாகனக் கட்டுப்பாடும் இருக்கும், முன்பு 144 என்போம், இப்போது 163. போலீசுக்கு அந்த வாரங்களில் உங்கள் குழுவைப் பார்க்க நேரம் இருக்காது. தை அமாவாசை, மகா சிவராத்திரி, மாசியில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா, ரம்ஜான் நோன்பு, எல்லாவற்றையும் காலண்டரில் வட்டம் போட்டுவிட்டு மிச்சம் என்ன நாள் என்று பாருங்கள்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பகலைப் பற்றி எல்லோரும் யோசிப்பார்கள். பகலில் 40 பேர் கூடவே ஓடுவான். ராத்திரி 10 மணிக்கு மேல் அந்தக் கட்டடத்தில் விழித்திருக்கிற ஆள் யார்? பெயர் சொல்லுங்கள். உங்களிடம் அந்தப் பெயர் இல்லையென்றால் ஏற்பாடே இல்லை.

2006 வாக்கில் நடந்தது. இதே கரையில் ஒரு ஊர், எந்த அரசு விருந்தினர் மாளிகை என்று சொல்லமாட்டேன். வடக்கேயிருந்து வந்த ஒரு உயர் அதிகாரி, 58 வயதிருக்கும். ராத்திரி சாப்பாடு முடிந்து, குட் நைட் சொல்லி, பெருமையாக ஒரு சிகரெட் பிடித்துவிட்டு நான் பத்தரைக்கு வண்டியேறி வீட்டுக்கு வந்துவிட்டேன். ரெண்டு மணிக்கு அவருக்கு நெஞ்சை அடைத்திருக்கிறது. கூட வந்தவர் கதவைத் தட்டித் தட்டிப் பார்த்திருக்கிறார். வாட்ச்மேன் கேட்டைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்து ஊர்த் திருவிழாவில் நாடகம் பார்க்கப் போய்விட்டான். டிரைவர்கள் இரண்டு பேரும் சொந்தக்காரர் வீட்டில் படுக்கப் போய்விட்டார்கள், வண்டி இருக்கிறது, சாவி இல்லை. அறையில் போன் இருந்தது, பக்கத்தில் ஒரு நம்பர் இல்லை. கடைசியில் அந்தக் கூட வந்த மனிதர் காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்து ரோட்டில் நின்று, ஐஸ் ஏற்றிப் போன ஒரு லாரியை மறித்திருக்கிறார். ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி லுங்கியோடு ஐஸ் லாரி கேபினில் ஆஸ்பத்திரிக்குப் போனார். போய்ப் பார்த்தால் வாயுப் பிடிப்பு. காலை 6 மணிக்கு நான் இஸ்திரி போட்ட சட்டையோடு பூங்கொத்தும் கையுமாக நிற்கிறேன், அவர் என்னைத் திட்டவே இல்லை, "உங்கள் வீட்டில் நல்ல தூக்கம் வந்ததா?" என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரே விதி. என் ஆள் ஒருவன் வராந்தாவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பான். கேட் சாவி அவனிடம். ஒரு வண்டிச் சாவியும் அவனிடம், அந்த டிரைவர் அதே கட்டடத்தில் படுத்திருக்க வேண்டும். ரெண்டு மணிக்கு ஆள் மாற வேண்டும், ஒரே ஆளை விடியவிடிய உட்கார வைத்தால் அவன் மூன்று மணிக்குத் தூங்குவான், அது மனித இயற்கை.

செவிலியர் அக்கா:

ஆர்.ஐ. சார் சொன்னதைப் படித்துச் சிரிப்பும் வந்தது, வயிற்றையும் கலக்கியது. நான் இந்த மாவட்டத்தில் அரசு மருத்துவமனைச் செவிலியர். ரெண்டு மூன்று விஷயம் மட்டும்.

வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே ஒரு சின்னக் கேள்வித்தாள் அனுப்புங்கள்: சர்க்கரை, பிரஷர், இதய நோய் உண்டா, தினமும் என்ன மாத்திரை, எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. கட்டாயம் இல்லை, விருப்பமிருந்தால் எழுதட்டும். இறால், நண்டு சாப்பிட்டால் உடம்பு தடித்து மூச்சு வாங்குகிறவர்கள் உண்டு, இங்கே வந்தால் நீங்கள் முதலில் வைக்கப்போவதே அதைத்தான். இன்சுலின் போடுகிறவர் இருந்தால் அறையில் ஃபிரிட்ஜ் வேலை செய்கிறதா என்று முந்தின நாளே கையை வைத்துப் பாருங்கள், இருக்கிறது என்று சொல்வார்கள், குளிராது.

தண்ணீர். இந்தக் கரையில் நிலத்தடி நீர் உப்பு, குடிக்கக் காவிரிக் கூட்டுக் குடிநீர் வரவேண்டும். அறைக் குழாயில் வருவது பல இடத்தில் கைகழுவத்தான் ஆகும். "குழாய்த் தண்ணீரில் பல் துலக்க வேண்டாம், பாட்டில் தண்ணீர் இருக்கிறது" என்று குறிப்பிலும் எழுதுங்கள், பாத்ரூம் கண்ணாடியிலும் ஒட்டுங்கள். புதிதாக வருகிறவர்களுக்கு வயிறு கெடுவது பெரும்பாலும் விருந்துச் சாப்பாட்டால் என்று நினைக்கிறோம், பல் துலக்கிய தண்ணீரும் ஐஸ் கட்டியும் நம் கண்ணில் படுவதில்லை.

கடலில் ஏதாவது கடித்தால்: திருக்கை குத்தினால் கை பொறுக்கிற அளவு வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு வாருங்கள், வலி குறையும், கீறுவதோ உறிஞ்சுவதோ வேண்டாம். முள் ஆழமாகச் செருகி நின்றால் பிடுங்கவும் வேண்டாம். சொறி மீன் (ஜெல்லி ஃபிஷ்) பட்டால் மணலைப் போட்டுத் தேய்க்காதீர்கள், நல்ல தண்ணீர் ஊற்றாதீர்கள், கடல் தண்ணீராலேயே அலசுங்கள். திருக்கைக் குத்துக்காகப் படகில் ஒரு பிளாஸ்க் வெந்நீர் இருக்கட்டும். நெஞ்சு வலி என்றால் "வாயுவாக இருக்கும்" என்று யாரும் அங்கே உட்கார்ந்து தீர்மானிக்க வேண்டாம், 108. மண்டபத்திலிருந்து கிளம்பினால் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேராகப் போய்விடலாம்.

கொங்குக்காரன்:

எல்லோருக்கும் கும்பிடு. நேற்று இந்தத் திரியைப் பிரிண்ட் எடுத்தே கண்காணிப்பாளர் அம்மாவிடம் கொடுத்தேன், அவர் "நவம்பரில் பாசி கிடையாதா?" என்று ரெண்டு முறை கேட்டுவிட்டு நேராக உள்ளே போனார். பிப்ரவரி முதல் வாரத்துக்கு மாற்றப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். திங்கள் இரவு தங்கல், செவ்வாய் காலை மீன். மண்டபம்தான், தீவுக்கார அண்ணன் மன்னிக்க வேண்டும்.

கடிதங்கள் பற்றி யாராவது சொல்லுங்கள். வெளிநாட்டுக்காரர்கள் 6 பேர் என்பதுதான் பயமாக இருக்கிறது.

ஆர்.ஐ.யாக இருந்தவன்:

பயப்பட ஒன்றுமில்லை, சீக்கிரம் எழுதுங்கள், அவ்வளவுதான். மாவட்ட எஸ்.பி.க்கு ஒரு கடிதம், நிகழ்ச்சி நிரலும் பாஸ்போர்ட் நகலும் இணைத்து. போலீஸ் தனிப்பிரிவிலிருந்தும் கியூ பிராஞ்ச் உளவுப் பிரிவிலிருந்தும் ஆள் வந்து அதையே மறுபடி கேட்பார்கள், இந்தக் கடற்கரைக்கு இலங்கை அவ்வளவு பக்கம், கேட்கத்தான் செய்வார்கள், முகம் சுளிக்காமல் இன்னொரு நகல் கொடுங்கள். படகு ஏறுவதால் கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கும் (கடலோரப் போலீஸ்), மண்டபம் கடலோரக் காவல்படைக்கும் தகவல். மீன்வளத்துறை சொல்கிற, பதிவு உள்ள படகு மட்டும், ஆளுக்கு ஒரு லைஃப் ஜாக்கெட், அதைப் போட்டுக்கொண்ட பிறகுதான் கயிறு அவிழ்க்க வேண்டும். இணைச் செயலர் மாதிரிப் பெரிய அதிகாரி போடவில்லை என்றால் நீங்கள் சொல்லத் தயங்குவீர்கள், அதனால் படகுக்காரரைச் சொல்ல வையுங்கள், அவருக்குத் தயக்கம் கிடையாது. மன்னார் வளைகுடாத் தேசியப் பூங்காவின் 21 தீவுகளில் எதிலும் வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக்கூடாது. "அந்தக் குருசடை வரைக்கும் ஒரு ரவுண்டு" என்று யாராவது நைசாகக் கேட்பார்கள், முடியாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

வெளிநாட்டவர் தங்கினால் தங்குமிடத்தார் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் ஏற்றவேண்டிய விவரம் உண்டு, சி ஃபார்ம் என்றே சொல்லிப் பழகிவிட்டோம். ஹோட்டலுக்குப் பழக்கம் இருக்கும், அரசு மாளிகையில் அதைச் செய்ய ஆள் யார் என்று கேட்டுவையுங்கள். சேட்டிலைட் போன் யாரிடமாவது இருக்கிறதா என்று வருவதற்கு முன்பே எழுதிக் கேளுங்கள், நம் நாட்டில் அனுமதி இல்லாமல் அதை வைத்திருந்தாலே வழக்கு, கடலில் வேலை செய்கிற நிபுணர்கள் பழக்கத்தில் எடுத்து வந்துவிடுவார்கள். டிரோனும் அப்படித்தான், உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது.

இன்னொன்று, கரையில் பொறுக்குகிற சங்கு, பவளத் துண்டு. அழகாக இருக்கிறதே என்று பையில் போட்டுக்கொள்வார்கள். பவளப்பாறை, கடல் குதிரை, கடல் அட்டை எல்லாம் வனவிலங்குச் சட்டத்தில் வருகிறது, கடல் அட்டைக்கு 2001-லிருந்தே தடை. ஏர்போர்ட்டில் பெட்டியைத் திறந்தால் நாட்டுக்கு நாடு கடிதம் போகும். குறிப்பில் இதற்கு ஒரு வரி கண்டிப்பாக வேண்டும்.

குறிப்பைப் பெரிய எழுத்தில் அடியுங்கள். ரெண்டு மணிக்குக் கண்ணாடி இல்லாமல் படிக்கிற மாதிரி. மேலே முதல் வரி, இரவுப் பணியாளர் பெயர், கைபேசி எண். அடுத்து உங்கள் எண். பிறகு 108, போலீசுக்கு 112, கடலோரப் போலீஸ் 1093, கடலோரக் காவல்படை 1554. அதற்குக் கீழே தமிழில் ஒரு வரி: "நான் இந்த இடத்தில் தங்கியிருக்கிறேன், தயவுசெய்து கொண்டு விடுங்கள்." அவருக்கு அதைப் படிக்கத் தெரியாது, ஆட்டோக்காரருக்குத் தெரியுமே. அரிச்சல்முனையில் இறங்கிக் குளிக்கக் கூடாது என்பதையும் போடுங்கள், ரெண்டு கடலும் முட்டுகிற இடம், அடியில் இழுக்கிற இழுப்பு மேலே தெரியாது. அங்கே செல்போனில் இலங்கை நெட்வொர்க் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வைக்கச் சொல்லுங்கள், இது பாதுகாப்பு இல்லை, பில்.

சின்னப்பாலத்துப் பொண்ணு:

சாப்பாட்டுக்கு ஒன்று. இந்தோனேசியாக்காரர்களில் முஸ்லிம்கள் இருப்பார்கள், ஹலால் கேட்பார்கள். அதற்கெல்லாம் பெரிய ஹோட்டல் தேட வேண்டாம், மண்டபத்திலும் பாம்பனிலும் பாய் கடைகள் இருக்கின்றன. கோயில் பக்கம் ராமேஸ்வரத்துக்குள் போய்விட்டால் பெரும்பாலும் சைவம்தான். கோயிலுக்குள் செல்போன் விடமாட்டார்கள், மற்ற மதத்தவர் எதுவரை போகலாம் என்பதைக் கோயில் அலுவலகத்தில் முன்னாடியே கேட்டுவிடுங்கள், வாசலில் வைத்துக் கேட்டால் இருவருக்கும் சங்கடம். தீர்த்தம் ஆடினவர்கள் ஈரத்தோடு வருகிற வழியெல்லாம் கல் தரை வழுக்கும், வயசானவர்கள் இருந்தால் கையைப் பிடித்துக்கொள்ள ஒரு ஆள்.

கொங்குக்காரன்:

மூன்று மாதம் கழித்து எழுதுகிறேன், திரியை மேலே தூக்கியதற்கு மன்னிக்கவும். குழு வந்துவிட்டுப் போய்விட்டது.

காலை விமானத்துக்கே மாற்றச் சொல்லிவிட்டோம், ஒன்றரைக்குள் மண்டபம். கடல் தட்டில் ஊற்றின தண்ணீர் மாதிரி கிடந்தது. மிதவை பக்கத்தில் ஒரு அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி ஒரு முடிச்சைப் பிரித்து மறுபடி கட்டிக் காட்டினார். இந்தோனேசியாவிலிருந்து வந்த ஒரு பெண் அதிகாரி அதே முடிச்சை அவர்கள் ஊர்ப்பழக்கத்தில் வேறு மாதிரி கட்டினார், இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துத் திருத்திக்கொண்டு நின்றார்கள், மொழிபெயர்ப்பாளர் சும்மா நின்றார். காலைத் தேய்த்து நடக்கச் சொன்னதை எல்லோரும் செய்தார்கள், டில்லிக்காரர் ஒருவர் கரையேறியும் கொஞ்ச தூரம் அப்படியே நடந்தார்.

லைஃப் ஜாக்கெட் விஷயத்தில் ஆர்.ஐ. ஐயா சொன்னது போலவே நடந்தது. சென்னையிலிருந்து வந்த ஒருவர் கையில் வைத்துக்கொண்டு நின்றார். படகுக்காரர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. போட்டுக்கொண்டார்.

இரவு. முதல் ஆள் நான்தான், பத்திலிருந்து ரெண்டு. ரெண்டுக்குப் பிறகு எங்கள் ஆபீஸ் டைப்பிஸ்ட் தம்பி. கேட் சாவியும் வண்டிச் சாவியும் என் சட்டைப் பையில், ரெண்டு டிரைவரும் கீழ் அறையில் குறட்டை. ஒன்றே முக்காலுக்கு என் போன் அடித்தது. 4-ம் நம்பர் அறை. எனக்குக் கை நடுங்கிவிட்டது, ஐஸ் லாரிதான் கண்ணுக்குள் வந்தது. போனால், அந்தப் பெரியவர் அழகாகச் சட்டை போட்டுக்கொண்டு கதவைத் திறந்து, வெளியே கைகாட்டி ஏதோ சத்தம் என்கிறார். கேட்டேன். வடகடலில் வள்ளத்து இன்ஜின், ஒன்றன்பின் ஒன்றாக. மீன் பிடிக்கப் போகிறார்கள் என்று செல்போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். அவர் தூங்கப் போகவில்லை, வராந்தாவுக்கு வந்து என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் அப்பாவும் மீனவராம். படகுக்கு எடுத்து வைத்த பிளாஸ்கில் வெந்நீர் மிச்சமிருந்தது, டீத்தூள் பாக்கெட்டும் இருந்தது. டைப்பிஸ்ட் தம்பி கண்ணைக் கசக்கிக்கொண்டு ரெண்டு மணிக்கு வந்தபோது மூன்றாவது டம்ளர் தேடினோம்.

யாருக்கும் வயிறு கெடவில்லை. ஒரு பவளத் துண்டு மட்டும் பையிலிருந்து எடுத்துக் கடலில் போடவேண்டி வந்தது.

தீவுக்காரன்:

சந்தோஷம் தம்பி. ஆனாலும் ராமேஸ்வரத்தில் ரூம் போட்டிருந்தால் டீ ரிசப்ஷனிலேயே கிடைத்திருக்கும்.

ஆர்.ஐ.யாக இருந்தவன்:

நன்று. அந்த பிளாஸ்க் யார் காசில் வாங்கியது? சொந்தக் காசு என்றால் இன்றைக்கே வவுச்சர் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், மார்ச் முடிந்தால் ஒருவரும் தரமாட்டார்கள். இரவுப் பணி ஆட்கள் பெயர், குறிப்பின் நகல், இந்தத் திரியின் பிரிண்ட் எல்லாவற்றையும் ஃபைலில் பூங்கொத்துப் பில்லுக்கு மேலே வைத்துத் தையுங்கள்.